எதிர்பார்த்த விடை

தன் டெஸ்ட்டைத் தூக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் கோகிலவாணிக்கு உச்சந்தலை வரை கோபம் சுள்ளென்று ஏறியது. நெல்லிவாசல்நாட்டு வீட்டில், சிக்னல் கிடைக்கும் ஒரே அறையில், சாமை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய டெஸ்ட் அது, மென்பொருள் சரியா என்று பார்க்கும் நிரல்.

அவள் கம்பெனி ஒரு பிளாக்செயினுக்கு, அதாவது பல கணினிகள் சேர்ந்து ஒரே கணக்கு வைக்கும் சங்கிலிக்கு, இயந்திரம் செய்கிறது. இரும்பு இயந்திரம் அல்ல, மென்பொருள். கூட்டு, கழி, வகு என்று கட்டளை கொடுத்தால் செய்யும். அந்தச் சங்கிலியில் இருக்கும் மற்ற கணினிகள் தரும் விடையையே இதுவும் தர வேண்டும். மாறினால் சங்கிலி இரண்டாகப் பிளந்துவிடும். ஒவ்வொரு கட்டளையையும் சோதிப்பது அவள் வேலை. மைனஸ் ஏழை இரண்டால் வகுத்தால் மைனஸ் மூன்று, மீதியை விட்டுவிடு என்கிறது விதி. இவர்கள் இயந்திரம் மைனஸ் நான்கு என்றது. டெஸ்ட் தப்பு என்று சிவப்பு காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்?

குழுத்தலைவர் வெற்றிச்செல்வன் வேலூரிலிருந்து போன் செய்தார்.

"இன்னாம்மா, உன்னுது ஒண்ணுதான் சிவப்பா கீது. தானா டெஸ்ட் எழுதுற ஜெனரேட்டர் புரோகிராம் ஆயிரக்கணக்குல போட்டுக்கீது, எல்லாம் பச்சை. நாளைக்கு வெளியிடணும், அதான் எடுத்துட்டேன்."

"சார், ஜெனரேட்டர் எதிர்பார்த்த விடைய எங்கேர்ந்து எடுக்குதுங்க?"

"நம்ம மிஷினை ஓட்டித்தான். வேற எங்க போறது?"

"அப்ப மிஷின் தப்பா சொன்னா, அந்தத் தப்புதான் விடைங்களா?"

"ரொம்ப பேசாதம்மா. மூணை நாலுன்னு மாத்து, திரும்ப சேத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

மாற்ற வேண்டுமாம். செங்கம் சந்தையில் புளி நிறுப்பவன், தன் தராசு சரியா என்று அதே தராசில் நிறுத்துக் காட்டினால் சும்மா விடுவோமா? படித்தவர்கள் செய்தால் மட்டும் அதற்கு ஆட்டோமேஷன் என்று பெயர். நாளை சங்கிலி பிளந்தால் ஜெனரேட்டரை யாரும் கேட்கப் போவதில்லை. 'சோதித்தவர்: கோகிலவாணி' என்றுதான் அடியில் இருக்கும்.

இயந்திர மென்பொருளின் தன் பிரதியில் கூட்டல் கட்டளையைக் கெடுத்தாள், எந்த விடையோடும் ஒன்று கூடுதலாக வரும்படி. ஜெனரேட்டரை ஓட்டினாள். அந்த விடைகளையே அது சமர்த்தாக எழுதிக்கொண்டது. எல்லாம் பச்சை. 'கூட்டலை வேண்டுமென்றே கெடுத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள்' என்று முதல் வரியிலேயே எழுதி, குழு முழுக்கப் பார்க்கும் இடத்தில் வெற்றிச்செல்வனின் ஒப்புதலுக்கு அனுப்பினாள்.

டீ போட்டு எடுத்து வருவதற்குள் பதில் வந்துவிட்டது. 'ஒப்புதல். எல்லாம் பச்சை. சூப்பர்மா.'

இப்போது அவளே போன் செய்தாள்.

"சார், ரெண்டும் மூணும் எவ்ளோங்க?"

"இன்னாம்மா கேள்வி இது? அஞ்சு."

"இப்பதான் ஆறுன்னு ஒத்துக்கினீங்க. முதல் வரியக்கூட படிக்காம."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அந்த முதல் வரியை இப்போதுதான் திறந்து பார்க்கிறார்.

"அத்த அழிச்சிடும்மா" என்றார், குரலைத் தாழ்த்தி. "யாரும் பாக்கறதுக்கு முன்ன."

"முடியாதுங்க சார். என் மைனஸ் மூணு திரும்ப வர்ற வரைக்கும் அந்த ஆறு அங்கதான் இருக்கும். உங்க பேரோட."