இரண்டு பஸ் மாறிப் போகிற வேலை

அக்காவுக்கு நான் தங்கை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் தோள் உயரம்தான் இருப்பாள். பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் அவளுக்கு ஒன்றுதான். காலியாக இருந்த இடத்தை வாய் பிடித்துக்கொண்டது என்பது என் கணிப்பு. வீட்டில் அவள் பெயர் வானொலி.

வானொலிக்கு ஒரு பெரிய கடையில், வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அவளுக்கு இடது வலது குழம்பும்; முள் கடிகாரம் பார்த்தால் முழி பிதுங்கும். "தனியா போய் வருவான்னு டாக்டர் சொல்லட்டும், அனுப்புறேன்" என்றாள் அம்மா. எந்த டாக்டரும் அப்படிச் சொல்ல மாட்டார் என்கிற தைரியம்தான்.

ஆஸ்பத்திரி மாடியில் உளவியல் டாக்டரம்மா கட்டைகளை எடுத்து வைத்து, படத்தில் உள்ளதுபோல் அடுக்கச் சொன்னார். அக்கா திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள். ஒன்றும் மசியவில்லை.

"இதுல யாரு குடியிருக்கப் போறாங்க டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, "வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்று அவள் நாள் தவறாமல் பழகியதைப் பார்த்தவள் நான். அடுத்து வார்த்தைகளுக்குப் பொருள் கேட்டபோது மட்டும், "போதும்மா, போதும்" என்று டாக்டர்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"தலை தானே வாரிக்குவாங்களா?"

"நான்தான் பின்னி விடுறேன்."

"டீ போடுவாங்களா?"

"அடுப்புப் பக்கமே விடமாட்டேன்."

"ரோட்டைக் கடப்பாங்களா?"

"கையை விட்டாத்தானே!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அவங்களால முடியுமான்னு கேட்டேன்மா. நீங்க என்ன செய்றீங்கன்னு கேக்கல."

எனக்கு விசில் அடிக்கலாம் போலிருந்தது.

டாக்டர் அக்காவிடம் பணத்தை நீட்டினார். "கீழ கேன்டீன்ல நாலு டீ வாங்கிட்டு வாங்க. தனியா."

அக்கா வெளியே போனாளோ இல்லையோ, அம்மா எழுந்துவிட்டாள். "பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று வாசல் வழியாக நழுவினாள். பாத்ரூம் கதவு அறைக்குள்ளேயே இருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன்.

ரொம்ப நேரம் கழித்து அக்கா தட்டோடு வந்தாள். பாதி டீ தட்டில் இருந்தது.

"வழி தப்பிட்டேன் டாக்டர். கேன்டீன்னு நெனச்சு எக்ஸ்ரேக்குள்ள போயிட்டேன். தரை துடைச்சிட்டிருந்த அக்காகிட்ட கேட்டேன், அப்புறம் லிஃப்ட் அண்ணன்கிட்ட கேட்டேன். அவருக்கு மூட்டுவலியாம், பாவம்."

உட்கார்ந்ததும் என் காதைக் கடித்தாள். "அம்மா செருப்பு கீச்சுகீச்சுன்னு பின்னாலயே வந்துச்சுடி. லிஃப்ட்ல ஏறி டாட்டா காட்டிட்டேன்."

டீ ஆறியது. அம்மா வரவில்லை. என் போன்தான் அடித்தது.

"எங்கயோ வந்து மாட்டிக்கிட்டேன். மூட்டை மூட்டையா அழுக்குத் துணியா இருக்கு." அம்மாவின் குரல் நடுங்கியது. நான் பதறி எழுந்தேன். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

"விளையாடாதடி!"

"அங்க யாராவது இருக்காங்களா?"

"துணி துவைக்கிறவர் ஒருத்தர் இருக்கார்."

"அவர்கிட்ட வழி கேளும்மா."

"எப்படிடி கேக்குறது? வெக்கமா இருக்கு."

"அப்ப போனை அவர்கிட்ட குடு. நான் கேக்குறேன்."

அவரிடம் பேசி, அம்மாவை லிஃப்ட் வரைக்கும் கொண்டுவிடச் சொன்னாள். லிஃப்ட் அண்ணனுக்கும் போன் வழியாகவே தகவல் போனது. நடுநடுவே, "பயப்படாதம்மா, லைன்லயேதான் இருக்கேன்" என்றாள். பதறி எழுந்த நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா வாசலில் வந்து நின்றாள். போன் இன்னும் காதில் இருந்தது.

"ஒரு கேள்வி பாக்கி இருக்கு" என்றார் டாக்டர். "தனியா போய் வருவாங்களா?"

அம்மா அக்காவையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "வழி தப்புவா" என்றாள். பிறகு மெதுவாக, "ஆனா வந்துடுவா."

அக்கா போனை வைக்கவில்லை. "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனிலேயே கேட்டாள். "திங்கக்கிழமை உனக்கு பஸ் எத்தனை மணிக்குடி?"

"லைன்லயே இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று அக்கா என் பக்கம் திரும்பினாள்.