நான்கு இருமல்

"அது அம்மா குரல் இல்ல. உன் குரல்."

மதியச் சாப்பாட்டுக்காகக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவித்த சோளத்தை வாயில் போடப் போன நேரத்தில் அண்ணன் தொலைபேசியில் இதைச் சொன்னான். நார்சிசாவுக்குச் சோளம் கையிலேயே நின்றது.

"பெனிக்னோ அண்ணே, குடிச்சிருக்கியா?"

"ஞாயித்துக்கிழமை பகல்ல குடிக்க நான் என்ன நம்ம அப்பாவா? டிவிடி பார்த்தேன். ஆரம்பத்துல சரியாத்தான் இருந்துச்சு. போகப் போக அம்மா வாய் மூடிக்கிடுது, ஆனா குரல் மட்டும் பேசிக்கிட்டே இருக்கு. என்கூடத் தங்கியிருக்கிற பயலுக சிரிக்கிறானுங்க. 'உங்க ஊர்ல செத்தவங்களுக்குக்கூட டப்பிங் குடுப்பீங்களா'ங்கிறான் ஒருத்தன்."

"அது சத்தம் பிந்திப் போயிருக்கு. டிவிடி செய்யும்போது நடக்கிற கோளாறு. எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். அதான் சொல்றேன். எஞ்சினியருக்குத் தெரியாம எப்படி நடக்கும்?"

அந்தப் பட்டத்தை அவன் சொன்ன விதத்தில் ஒரு எச்சில் துப்பும் சத்தம் இருந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். குவெங்கா நகரத்தில் கணினி படித்துப் பட்டம் வாங்கினாள். பட்டம் வாங்கிய வருடமே அம்மாவுக்கு முதல்தடவை நெஞ்சு பிடித்துக்கொண்டது. அண்ணன் நியூவார்க்கில் கூரை வேய்ந்துகொண்டிருந்தான், குடியேற்றக் காகிதம் இல்லாமல். வந்தால் திரும்பப் போக முடியாது. ஆகவே திரும்பி வந்தவள் இவள். கன்யார் ஊரில் சந்தைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு கணினி, ஒரு கேமரா. கல்யாணம், ஞானஸ்நானம், சாவு எதுவானாலும் படம் பிடித்து, டிவிடி வட்டில் ஏற்றி, 'அங்கே' இருப்பவர்களுக்கு அனுப்புவது தொழில். இந்த ஊரில் அங்கே என்றால் ஒரே இடம்தான், அண்ணன் இருக்கும் அந்த நாடு. பாதி ஊர் அங்கேதான் இருக்கிறது.

"அம்மா அதுல என்ன சொல்றாங்கன்னாவது கேட்டியா?" என்றாள்.

"'வராதே மகனே, உன்மேல எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல'ன்னு சொல்லுது. அதை அம்மா சொன்னா நான் இன்னைக்கு ராத்திரி தூங்குவேன். நீ சொன்னா எனக்கெதுக்கு? ஒன்பது வருஷமா 'இங்க எல்லாரும் சுகம்'னு சொன்னவதானே நீ?"

தொடர்பு அறுந்தது. அவன்தான் அறுத்தான்.

கோபம் முதலில் வந்தது. அவளுக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும். அம்மாவின் மலச்சட்டியைக் கடைசி ஏழு மாதம் எடுத்தவளை, 'பொய்க்காரி' என்காத குறையாகப் பேசுகிறான். சாவுக்கு வர முடியாதபடி செய்த எல்லைக்கோட்டை அவனால் திட்ட முடியாது, அதற்குத் தொலைபேசி எண் கிடையாது. தங்கைக்கு இருக்கிறது.

கோபத்துக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. அதை அவள் தொடவில்லை. கணினியைத் திறந்தாள்.

கோளாறைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் அவமானம். அம்மாவைப் படம் பிடித்த அன்று தகரக் கூரைமேல் மழை கொட்டியது. அந்த இரைச்சலைக் குறைப்பதற்காகச் சத்தத்தைத் தனியாகப் பிரித்து எடுத்திருந்தாள். பிறகு நான்கு இடங்களில் அம்மா இருமியதை வெட்டினாள். சத்தத்தில் இருமல் தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம்வரை வெட்டினாள். படத்தில் அது போதவில்லை. இருமலுக்கு முன்னால் அம்மா குனிவாள், முடிந்த பின்னும் கைக்குட்டையால் வாயைத் துடைப்பாள், துணியில் சிவப்பு தெரியும். அதையும் சேர்த்து வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் படம் அரை விநாடி கூடுதலாகக் குறைந்தது. நான்கு வெட்டு, இரண்டு விநாடி. நான்காவது இருமலுக்குப் பிறகுதான் அம்மா 'வராதே மகனே' என்கிறாள். அவளுடைய உதடுகள் முழுவதும் மூடிய பிறகு, காற்றிலிருந்து வருவதுபோல அந்தக் குரல் வருகிறது.

இருமலை வெட்டுவது நார்சிசா கண்டுபிடித்த வழக்கம் அல்ல. படம் கொண்டுவருகிற எல்லாரும் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இதை எடுத்துடு, அதை எடுத்துடு" என்பார்கள். குடித்துவிட்டு விழுந்த மாமனை எடுத்துவிடு, அப்பாவின் வீங்கிய காலை எடுத்துவிடு, ஒழுகுகிற கூரையை எடுத்துவிடு. அங்கே இருக்கிறவன் கவலைப்படக் கூடாது. கல்லூரியில் படித்ததெல்லாம் கடைசியில் அவளுக்கு இதற்குத்தான் உதவியது, ஊர் முழுவதும் சுகமாக இருக்கிறது என்று காட்டுவதற்கு.

எல்லா வாடிக்கையாளரிடமும் அவள் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு: "உறை ஒட்டுறதுக்கு முன்னாடி கடைசிவரைக்கும் ஒருதடவை பாருங்க." அம்மாவின் வட்டை மட்டும் அவள் பார்க்கவில்லை. முதல் மூன்று நிமிடம் பார்த்தாள், உதடும் குரலும் ஒட்டியிருந்தன. அதற்குமேல் முடியவில்லை. பார்சல் அனுப்பும் சோய்லா அம்மாளிடம், வறுத்த கூய் என்னும் கினிப்பன்றிக் கறிப் பொட்டலங்களோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை கடையைத் திறக்காமல் சரிசெய்ய உட்கார்ந்தாள். மொத்தச் சத்தத்தையும் இரண்டு விநாடி முன்னால் நகர்த்தினால் கடைசி சரியாகிறது, ஆரம்பம் கெடுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் இருக்கும் துண்டைத் தனித்தனியாகத்தான் பொருத்த வேண்டும்.

கடைசித் துண்டிலிருந்து தொடங்கினாள். அது எளிது. அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள், ஆற்றங்கரையில் இறந்தவளின் துணிகளைத் துவைக்கிறார்கள். லுஸ்மிலா சின்னம்மா அம்மாவின் கம்பளிப் பாவாடையைத் தலைக்குமேல் தூக்கிக் கல்லில் அடிக்கிறாள். அடித்துவிட்டுக் கேமராவைப் பார்க்கிறாள்: "பாருடா பெனிக்னோ, உங்கம்மா பாவாடை. உன்னைத் தூக்கிச் சுமந்த பாவாடை." துணி கல்லில் படும் ஃப்ரேமை நிறுத்தி, சத்தத்தின் கோட்டில் ஊசிமாதிரி எழும்பிய இடத்தைப் பிடித்து அதன் அடியில் கொண்டுவந்து வைத்தாள். அடியும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. பத்து நிமிட வேலை. எட்டுப் பெண்கள் துவைக்கிறார்கள், நார்சிசா மட்டும் படத்தில் இல்லை. கேமரா அவள் கையில் இருந்தது. அம்மாவின் ஒரு துணியைக்கூட அவள் துவைக்கவில்லை. அதை இப்போதுதான் பார்த்தாள்.

அம்மாவின் துண்டுகளில் கல் இல்லை. கட்டிலில் ஒரு கிழவி, மடியில் இரண்டு கை. உதட்டைத்தான் பிடிக்க வேண்டும். 'மகனே' என்னும்போது முதலில் இரண்டு உதடும் மூடும், மூடித் திறக்கிற அந்த ஃப்ரேமில் குரல் தொடங்க வேண்டும். அம்மாவின் உதடு வெடித்திருந்தது. மூடும், திறக்கும். மூடும், திறக்கும். நாற்பது தடவை அந்த வாயைத் திறக்க வைத்தாள், மூட வைத்தாள். அழவில்லை. வேலை நடக்கும்போது அழுதால் ஃப்ரேம் தெரியாது.

செவ்வாய்க்கிழமை எல்லாம் ஒட்டிவிட்டது. அண்ணனை அழைத்தாள்.

"சரி பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை பார்சல்ல வருது."

"எத்தனை தடவை வெட்டினே?"

நார்சிசா திரையில் நின்றிருந்த படத்தைப் பார்த்தாள்.

"கைக்குட்டை இடது கையில இருக்கு, திடீர்னு வலது கைக்குப் போயிடுது. நான் கூரைக்காரன்தான் நார்சிசா, குருடன் இல்ல. நீ சரி பண்ணி அனுப்பினா, இன்னும் நல்லாப் பொய் சொல்லியிருக்கேன்னுதான் நினைப்பேன். வெட்டாததை அனுப்பு."

"வெட்டாதது வேண்டாம்ணே."

"ஏன்?"

"வேண்டாம்."

"அப்போ அது உன் குரல்தான்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவள் தொடாமல் வைத்திருந்தது அதுதான். அவளுக்கும் அம்மாவுக்கும் ஒரே குரல். சின்ன வயதில் அண்ணனை அடுத்த அறையிலிருந்து அம்மா மாதிரி அதட்டி, ஆடு மேய்க்கத் துரத்தியிருக்கிறாள். படம் பிடித்த மறுவாரம் அம்மாவுக்குப் பேச மூச்சு இல்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அழைத்தான். அம்மா கையை ஆட்டினாள், 'நீ பேசு' என்று. நார்சிசா அம்மாவாகப் பேசினாள். "சாப்பிட்டியா? அங்க குளிரா? தொப்பி போட்டுக்க." அப்படி மூன்று ஞாயிறு. நான்காவது ஞாயிறு வருவதற்குள் அம்மா போய்விட்டாள்.

வெட்டாத டேப்பைக் கேமராவில் போட்டு ஓடவிட்டாள். மழை பேய்த்தனமாக இரைந்தது. மூன்றாவது இருமல் வந்தது. அம்மா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்தாள். நீண்ட நேரம் வளைந்தே கிடந்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, கேமராவை அல்ல, கேமராவுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்துச் சொன்னாள்:

"இதை எடுத்துடு தாயி. அவன் பார்க்கக் கூடாது. கேட்டுச்சா? பார்த்தான்னா கிளம்பி வந்துடுவான்."

"எடுத்துடுறேன்மா" என்று படத்துக்கு வெளியிலிருந்து அவளுடைய குரல் சொன்னது. அதே குரல். அம்மா கேட்டு, அம்மாவே பதில் சொன்னதுபோல இருந்தது. இருமலோடு இந்தப் பேச்சையும் அன்று வெட்டியிருந்தாள்.

அம்மா வாய்விட்டுத் தன்னிடம் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். மகனை மன்னித்தாள், மகனை ஆசீர்வதித்தாள். மகளிடம் சொன்னது வெட்டச் சொல்லி மட்டும். ஏழு மாதம் கூடவே இருந்தவளுக்கு ஒரு வார்த்தைகூட அந்த டேப்பில் இல்லை. இருப்பவளிடம் யார் விடைபெறுவார்கள்? நார்சிசா மேசையைக் கையால் அறைந்தாள். கை வலித்தது. பிறகு டேப்பை அப்படியே, மழையோடும் இரத்தத்தோடும், ஒரு ஃப்ரேம் குறைக்காமல் வட்டில் ஏற்றினாள்.

சோய்லா அம்மாள் உறையை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். "மறுபடியுமா? உங்கண்ணன் என்ன, நம்ம சாவுக்கெல்லாம் ரசிகர் மன்றம் வெச்சிருக்கானா?"

"அவன் கேட்டான்."

"கடைசிவரைக்கும் பார்த்தியா? எங்களைத்தான் அதட்டுவே."

"பார்த்தேன்."

அடுத்த ஞாயிறு தொலைபேசி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மதியம் வந்தது.

"அம்மாதான்," என்றான் பெனிக்னோ.

"ம்."

"எத்தனை மாசம் அப்படி இருந்தாங்க?"

"ஏழு."

"சளின்னு சொன்னே."

"சொல்லச் சொன்னாங்க."

"நீயும் சொன்னே."

"நானும் சொன்னேன்."

தெருவில் ஒரு பேருந்து ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போயிற்று.

"அந்தக் கடைசி ஞாயித்துக்கிழமைகள்ல, தொப்பி போட்டுக்கன்னு சொன்னது யாரு?"

இன்னொரு பொய்க்கு இடம் இருந்தது. அவளுக்குப் பழகிய இடம்தான்.

"நான்."

அவன் அழுதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதையோ கீழே வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள், மனதில் ஒன்பது வருடத்துக்குச் சேர்த்து வைத்திருந்தாள்.

"நான் தொப்பி போட்டுக்கிட்டுதான் வேலைக்குப் போனேன்," என்றான்.

பிறகு: "என் மக ஆஷ்லி, பாட்டியைப் பார்க்கணும்னு கேக்குறா. அஞ்சு வயசு. நேர்ல பார்த்ததே இல்ல. இதை எப்படிக் காட்டுறது?"

"காட்டாதே."

"பழைய வட்டை உடைச்சுட்டேன். இருமல் இல்லாம ஒண்ணு அனுப்பேன். அவ கவலைப்படக் கூடாது." பிறகு சேர்த்துச் சொன்னான்: "வாயும் குரலும் ஒட்டி இருக்கட்டும்."

அவனை எவ்வளவோ கேட்டிருக்கலாம். அன்றைக்கு நான் செய்தது குற்றம், இன்றைக்கு நீ கேட்பது என்ன?

"வெள்ளிக்கிழமை அனுப்புறேன்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை பொருத்தி முடித்தது கணினியில் இருந்தது. அதில் கைக்குட்டை இன்னும் தாவிக்கொண்டிருந்தது. அதை அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை சத்தத்தைப் பிரிக்கவில்லை. மழை இருந்துவிட்டுப் போகட்டும். படத்தையும் குரலையும் சேர்த்தே, கைக்குட்டை அதே கையில் இருக்கும் இடமாகப் பார்த்து வெட்டினாள். முதல் இருமல் போயிற்று. இரண்டாவது போயிற்று.

மூன்றாவதற்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு, ஓடவிட்டாள். "இதை எடுத்துடு தாயி," என்றாள் அம்மா, அவளைப் பார்த்து. உதடும் குரலும் இம்மி பிசகாமல் ஒட்டியிருந்தன. இன்னொருமுறை ஓடவிட்டாள். இன்னொருமுறை.

பிறகு வெட்டினாள்.