குன்வோரின் பளபளப்பான ஸ்கூட்டர்

பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு ஒட்டி அரித்துவிடாதிருக்க, எய்வின்ட் குளிர்காலம் முழுக்க அடுக்குமாடியின் நிலவறைக்கு இறங்கி, மின்சார ஸ்கூட்டரின் இணைப்புகளைத் துடைத்து கிரீஸ் தடவி வந்தான். நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரில் பனி உருகியதும், வீட்டில் வைத்திருந்த பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினான். சாவி திரும்பவே இல்லை. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் என்ன கேடு? திருதிருவென்று விழித்தான்.

பக்கத்து வீட்டு குன்வோர் வந்தாள்.

"என் வண்டிகிட்ட என்னப்பா பண்றே?"

"இது என்னோடதாச்சே!"

அவள் தன் சாவியைப் போட்டாள். திரும்பியது.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி வாங்கினோம்ல, மறந்துட்டியா? உன்னுது அந்தா, தூணுக்குப் பின்னாடி."

எய்வின்ட் ஓடிப்போய் அதன் உறையை விலக்கினான். இணைப்பெல்லாம் அரித்துப் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது.

"அடப்பாவி, இப்படியா போட்டு வைப்பே?" என்றாள் குன்வோர். "என்னுதப் பாரு, நான் தொட்டதுகூட இல்ல!"