ஆள் இல்லாத வாக்கியம்

செவ்வாய்க்கிழமை மாலை ஆறேகால் மணிக்கு மைதானத்துக் கூட்டத்தில் "போருக்கு நாம் போவோம்" என்று கட்சியின் இளைஞரணிப் பேச்சாளன் முழங்கினான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த இருநூற்றுப் பதினாறு பேருக்கும் மறுநாள் விடிந்தபோது நெஞ்சில் ஒரு பித்தளைப் பொத்தான் முளைத்திருந்தது. சட்டையில் அல்ல, தோலில். நான்கு துளை, பச்சை நூல், முடிச்சு தெரியாத சுத்தமான தையல். பேச்சாளனுக்கும் ஒன்று இருந்தது. ஊர் முழுக்க அவனை மைக் என்றுதான் கூப்பிடும். அவன் அம்மா தையற்காரி என்பதால் முதலில் பதறவில்லை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "யாரு தைச்சதோ, கை நல்லா வந்திருக்கு" என்றாள். பிறகு பிளேடை எடுத்து நூலை லேசாக அறுத்தாள். ரத்தம் தோலிலிருந்து வரவில்லை, நூலிலிருந்து வந்தது. அதன் பிறகுதான் பதறினாள்.

போர் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. மைக்குக்கு வயது இருபத்து நான்கு. பகலில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் எறும்புக் கால் மாதிரியான கம்பிகளைப் பற்றவைப்பான். சாயங்காலம், அவன் முறை வரும் நாட்களில், மேடையேறிப் பேசுவான். மூன்று பேச்சாளர்கள் முறை வைத்துப் பேசினார்கள். மூவரில் இவன் குரல்தான் குரல். பொய் சொல்கிறவன் என்று அவனைச் சொல்ல முடியாது. போர் நியாயமானது என்று நெஞ்சார நம்பினான். நம்பிக்கை தொண்டையில் இருந்தது. அது கால்வரை இறங்க வேண்டும் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. மேடைக்கு நேர் எதிரே, அறுபது அடி தள்ளி, ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம் இருந்தது. அங்கே ஒரு எழுத்தர் நான்கு மாதமாக எல்லாப் பேச்சையும் கேட்டுக்கொண்டு, காலிப் பதிவேட்டின் முன்னால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

பொத்தானுக்குப் பிறகு காலர் வந்தது, பிறகு ராணுவச் சட்டையின் வலது கை, இடது கை. ஒரு கூட்டத்துக்கு ஓர் உருப்படி என்று கணக்காக வந்தது. ஒன்றிரண்டு கூட்டம் கேட்டவர்கள் மேலே சட்டை போட்டு மறைத்துக்கொண்டார்கள். முடிதிருத்துகிறவருக்கு அந்த வசதி இல்லை. அவர் கடை மேடையைப் பார்த்திருந்ததால், வேண்டாமென்றாலும் தினமும் காதில் விழுந்தது. பதினோராம் நாள் அவர் காலில் இரண்டு பூட்சும் வந்து சேர்ந்தன. பாதி முகத்துக்குச் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரை விட்டுவிட்டு, கத்தியை மடித்து வைத்து, பூட்ஸ் இழுத்த இழுப்புக்கு எதிர் அலுவலகத்துக்குப் போனார். 'சுயவிருப்பத்தின் பேரில்' என்ற இடத்தில் கை கையெழுத்துப் போட்டது. வாய் மட்டும் "நான் வரல, நான் வரல" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. படிவத்தில் வாய்க்கு இடம் கிடையாது. லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. நுரைக்காரர் மதியம்வரை காத்திருந்துவிட்டு மீதியை வீட்டில் போய் மழித்துக்கொண்டார்.

கட்சி கூடிப் பேசியது. பேச்சுகளை எழுதித் தருகிறவர் கட்சிப் பத்திரிகையின் பிழைதிருத்துபவர். எல்லாம் ஒரு சொல்லில்தான் இருக்கிறது என்றார் அவர். "நாம்னா கேக்கறவனும் உள்ள வந்துடறான். நாங்கள்னு மாத்துங்க, கேக்கறவன் வெளிய நிப்பான்." அன்று மாலை 'நாங்கள் போவோம்' என்று மாற்றிப் பேசினார்கள். கூட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மேடையில் உட்கார்ந்திருந்த ஏழு நிர்வாகிகளுக்கும் முழங்கால்வரை பச்சைத் துணி ஏறியது. இளைஞரணித் தலைவருக்கு முப்பத்தெட்டு வயது, மூட்டுவலி வேறு. அவர் மைக்கைத் தனியே இழுத்துப் போனார். "எங்கள எதுக்குடா சேர்க்கற? ஆதரவு வேற, ஆள் வேற." அடுத்த நாள் 'நீங்கள்' என்று பேசியபோது, வாக்கியம் முடிவதற்குள் நாற்காலிகள் காலியாகிவிட்டன.

பிழைதிருத்துபவர் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு யோசித்தார். மூன்றாம் நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து ஒரு தாளை நீட்டினார். 'எல்லைக்குப் போக வேண்டும். போய் நிற்க வேண்டும். தேவைப்பட்டால் உயிரையும் கொடுக்க வேண்டும்.' யார் போக வேண்டும் என்று கேட்டார் தலைவர். "அதானே அழகு. வாக்கியத்துல ஆளே இல்ல" என்றார் அவர்.

மைக் தொடர்ந்து பேசினான். ஒருவர் மேலும் ஒரு நூல்கூட முளைக்கவில்லை. ஓடியவர்கள் திரும்பி வந்தார்கள், கைதட்டினார்கள். வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவன் பேசியதில்லை. இப்படி இரண்டு வாரம் போயிற்று.

அவன் தம்பி ரொட்டி சுடும் அடுமனையில் வேலை பார்த்தான். இருபது வயது, எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை, போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் மதியம் மைக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மாவு படிந்த மேலங்கியோடு வந்து சமையலறை வாசலில் நின்றான். சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். அவன் மேலங்கியைக் கழற்றினான். உள்ளே சீருடை முழுக்க இருந்தது, ஒரு பூட்ஸ்தான் குறை. இடது காலில் பூட்ஸ், வலது கால் வெறுமையாக.

"எத்தனை நாளா?" என்றான் மைக்.

"பதினாலு நாளா. சூட்டுக் கொப்புளம்னு நெனச்சேன் முதல்ல. நான் ஒரு கூட்டத்துக்கும் வரலியேண்ணா."

"தெரியும்."

"அப்புறம் ஏன் எனக்கு?"

மைக்குக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆள் இல்லாத வாக்கியம் ஆளைத் தேடி வீடு வீடாக அலைந்திருக்கிறது. மைதானத்தில் இருந்தவர்களை விட்டுவிட்டு, இல்லாதவர்களைப் பிடித்திருக்கிறது. மருந்துக்கடைப் பெண்ணுக்கும் பஸ் நடத்துநருக்கும்கூட வந்திருப்பதாகத் தம்பி சொன்னான். அவர்களுக்கு இடுப்புவரைதான், இவனுக்கு இன்னும் ஒரு கூட்டம்தான் பாக்கி. அன்று சாயங்காலம் மைக்கின் முறை. அவன் போகாவிட்டால் இன்னொருவன் அதே தாளைப் படிப்பான்.

அவன் கட்சிப் பத்திரிகை அச்சகத்துக்கு ஓடினான். பிழைதிருத்துபவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "வாக்கியத்துக்கு ஒரு ஆளைக் கொடுத்துட்டா அது அலையாது தம்பி."

"எந்த ஆளு?"

"தன்மை. ஒருமை." அதற்குமேல் அவர் அவனைப் பார்க்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு மைக் மேடையில் நின்றான். தலைகள், தலைகளுக்கு அப்பால் அந்த அலுவலகம், திறந்த கதவு, எழுத்தரின் மேஜை விளக்கு. "என்னைப் போன்றவர்கள்" என்று தொடங்கிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. "ஒவ்வொருவரும்" என்று பார்த்தான். எங்கேயோ ஒரு வீட்டில் யாரோ அலறுவது கேட்டது. பின்னாலிருந்து தலைவர், "எழுதிக் கொடுத்ததப் படிடா, 'போக வேண்டும்'னு சொல்லிட்டு எறங்கு" என்றார். கண்ணை மூடிக்கொண்டான்.

"நான் போறேன்" என்றான்.

மேடைத் தமிழ்கூட வரவில்லை. மறு நிமிடம் சட்டை, பெல்ட், கால்சட்டை, தொப்பி, இரண்டு பூட்ஸ் என்று எல்லாம் அவன் மேல் வந்து அமர்ந்தன. அதே நிமிடம் வீட்டில் தம்பி மேலிருந்த துணி கலைந்து தரையில் விழுந்தது. மருந்துக்கடைப் பெண்ணும் நடத்துநரும் அப்படியே தப்பினார்கள். மைக் பூட்ஸ் இழுக்கும் என்று காத்திருந்தான். அவை இழுக்கவில்லை. முடிதிருத்துகிறவரை இழுத்துப் போன பூட்ஸ் இவன் காலில் சாதாரண பூட்சாக இருந்தது. வீட்டுக்குப் போக நினைத்திருந்தால் போயிருக்கலாம். அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. அறுபது அடியைக் கடக்க அவனுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒவ்வோர் அடியையும் அவனேதான் தூக்கி வைக்க வேண்டியிருந்தது.

பாதி வழியில் அம்மா வந்து சேர்ந்தாள். கால்சட்டை இரண்டு விரற்கடை நீளமாக இருந்ததைப் பார்த்து, "தடுக்கும், நில்லு" என்று மண்ணில் உட்கார்ந்து மடித்துத் தைத்தாள். வாயில் குண்டூசிகள் இருந்ததால் பேச முடியவில்லை.

"பயமா இருக்கும்மா."

"ம்" என்றாள் குண்டூசிகளுக்கு நடுவே.

எழுத்தர் படிவத்தை நீட்டி, சுயவிருப்பம்தானா என்று கேட்டார். ஆமாம் என்று வாயாலேயே சொன்ன முதல் ஆள் அவன்தான். எழுத்தர் நகவெட்டியைக் கீழே வைத்தார்.

அதற்குப் பிறகு கூட்டங்கள் நடக்காமல் இல்லை. பேச வருகிறவர் மேடையேறி, கூட்டத்தைப் பார்த்து, இந்த வருஷ மழையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். போரைக் கட்சி இன்றும் ஆதரிக்கிறது. ஊரில் இருநூறு பேருக்குமேல் நெஞ்சில் பொத்தான் இருக்கிறது. குளிக்கும்போது மற்ற இடங்களோடு சேர்த்து அதையும் தேய்த்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பக்கத்துத் தெருக்காரி, பெரியவனிடமிருந்து கடிதம் வருகிறதா என்று அம்மாவிடம் கேட்டாள்.

"வருது. முதல் மூணு கடிதத்துல கூட இருக்கறவங்களையும் சேர்த்து 'நாங்கள் நலம்'னு எழுதியிருந்தான்."

"அப்ப நல்லாத்தான் இருக்கான்."

"நேத்து வந்ததுல 'நான் நலம்'னு எழுதியிருக்கான்" என்றாள் அம்மா. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தாள். "கையைத் தூக்கும்மா."