ரெண்டு பேருக்கும் கேக்கணும்

இளவரசு டிவி சத்தத்தை அறுபதுக்கு ஏற்றினால் தமிழ்ச்செல்வி சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் பதினெட்டுக்கு இறக்கினால் அவன் எழுந்து மாடிக்குப் போய்விடுவான். சிதம்பரத்தில் அந்த வாடகை வீட்டில் ஒரு வருஷமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. அவனுடையது ஆலையில் இரைச்சல் போடும் டர்பைன் பக்கத்திலேயே இருபது வருஷம் வேலை பார்த்த காது. டாக்டரிடம் போகலாம் என்று அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டு தடவையும், "நான் என்னா செவுடா?" என்று சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டான். மூன்றாவது தடவை அவள் வாய் திறக்கவில்லை.

காதைவிடப் பெரிய வருத்தம் அவளுக்கு மகள் விஷயத்தில் இருந்தது. சிந்துஜா நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கபடிக்காகக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தபோது இளவரசு வீடு அதிரக் கத்தினான். அதற்குப் பிறகு அவள் போன் பண்ணினால், "ம்... ம்..." என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு மனைவியிடம் நீட்டிவிடுவான். "அப்பாவுக்கு இன்னும் கோவம் போவலியாம்மா?" என்று மகள் கேட்பாள். தமிழ்ச்செல்வி பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்த வாரம் சிந்துஜா கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான கபடிப் போட்டியின் இறுதி ஆட்டம், யூடியூபில் நேரடியாகக் காட்டுவார்கள் என்றாள். "அப்பாவையும் பாக்கச் சொல்லும்மா. முடிஞ்சா."

தமிழ்ச்செல்விக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலக வேலை. மறுநாள் மதிய இடைவேளையில் பக்கத்திலிருந்த எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனாள். டிவியின் பின்பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்திருந்தாள். கடைக்காரர் ஹிதாயத்துல்லா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதுல ஹெட்போன் குத்துற ஓட்டையே இல்லியேம்மா. புளூடூத்துல போட்டா அவரு காதுல மட்டும்தான் கேக்கும். நீங்க ஊமைப்படம் பாக்கணும்."

"ரெண்டு பேருக்கும் கேக்கணும் பாய். அவருக்கு ஜாஸ்தியா, எனக்குக் கம்மியா."

அவர் உள்ளே போய் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வந்தார். "இதுக்குப் பேரு டிஏசி. டிவியிலேர்ந்து சத்தம் இந்த ஆப்டிகல் வயருல வெளிச்சமா வரும். பெட்டி அதைத் திரும்ப சத்தமா மாத்திக் குடுக்கும். முன்னாடி ஹெட்போன், பின்னாடி ஸ்பீக்கர். சில பெட்டியில ஹெட்போனைக் குத்துனா ஸ்பீக்கர் நின்னுடும். இதுல நிக்காது. இந்தத் திருகு ஹெட்போன் சத்தத்தைக் கூட்டிக் கொறைக்க மட்டும். வூட்ல பழைய ஸ்பீக்கர் இருக்கா?"

"இருக்கு பாய். செவப்பும் வெள்ளையுமா வயரு வருமே, அது."

"அப்ப இந்தப் பெட்டியோட ஒரு ஹெட்போன் மட்டும் வாங்குங்க, போதும்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவள் எல்லாவற்றையும் தரையில் பரப்பினாள். இளவரசு வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னாது?"

"சத்தத்தைப் பிரிக்கிற பெட்டி," என்று உரக்கச் சொன்னாள். "உங்க காதுக்கு இல்ல. என் தலவலிக்கு."

ஆப்டிகல் வயர் டிவிக்குள் நுழைய மறுத்தது. அவள் அழுத்துவதைப் பொறுக்காமல், "நவுரு, ஒடச்சிடப் போற" என்று அவனே உட்கார்ந்தான். முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிளாஸ்டிக் மூடி இருந்தது. நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுச் செருகினான். க்ளிக் என்று உட்கார்ந்தது. மறுமுனையில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம். அதைப் பெட்டியில் மாட்டி ஸ்பீக்கரைப் போட்டால், தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி ஒரே இரைச்சல்.

ஆட்டத்துக்கு இன்னும் பத்து நிமிஷம். அவள் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"டிவி செட்டிங்ஸ்ல சவுண்டுக்குப் போங்கம்மா. டிஜிட்டல் அவுட்புட்டுன்னு இருக்கும். ஆட்டோவுல கெடக்கும், அதைப் பிசிஎம்னு மாத்துங்க."

மாற்றினாள். இரைச்சல் பட்டென்று அறுந்து, வர்ணனையாளரின் குரல் ஸ்பீக்கரில் அளவாக வந்தது. இளவரசு ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். ஓரிடத்தில் கை நின்றது.

"ஆடுற விரிப்புல ஷூ தேயுற சத்தம் கேக்குது செல்வி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

சிந்துஜாவின் அணி இரண்டு புள்ளியில் தோற்றது. ஆனால் பாடிப் போகும் ரைடில் அதிகப் புள்ளி எடுத்தவள் அவள்தான். ஆட்டம் முடிந்ததும் மைக்கை நீட்டினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே, அடுத்த வருஷம் விடமாட்டோம் என்று சொல்லிச் சிரித்தாள். இளவரசு ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தான். பிறகு கழற்றினான்.

"இவ பேசுறதை முழுசா கேட்டு எவ்ளோ நாளாச்சு," என்றான்.

"வாராவாரம் போன்ல பேசுறாளே!"

"போன்ல எனக்கு ஒண்ணும் வெளங்காது. மொணமொணன்னுதான் இருக்கும். தப்பா எதனா பதில் சொல்லிடுவேன்னுதான் உன்கிட்ட குடுத்துடுறது."

தமிழ்ச்செல்வி அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நீங்க இன்னும் கோவமா இருக்கீங்கன்னு அந்தப் பொண்ணு நெனச்சிட்டிருக்கு. நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."

"கோவமா? அது அந்த வாரமே போயிடுச்சே." அவன் முகம் வாடிவிட்டது. அவள் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தான். ஹெட்போன் வயரைப் பெட்டியிலிருந்து உருவி அதில் குத்தினான். "போடு அவளுக்கு."

மகள் எடுத்ததும் அவனே பேசினான். "சிந்து, அப்பா. நல்லா ஆடுன. எனக்குக் கோவம்லாம் இல்ல கண்ணு. காது சரியா கேக்கல, அதான் பேசல. வெக்கமா இருந்துச்சு." ஹெட்போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான். "அழுவாத. எல்லாம் கேக்குது எனக்கு."

மகள் சொன்னது எதுவும் தமிழ்ச்செல்விக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் இல்லை. கடைசி ரைடில் ஏன் இடது பக்கம் திரும்பினாய் என்று ஆரம்பித்து, ஹாஸ்டல் சாப்பாடு, கணுக்கால் வலி என்று அரை மணி நேரம் அவன் பேசினான். முடித்துவிட்டுப் போனைக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அந்தக் காது டாக்டரு... உனக்கு என்னிக்கு லீவு கெடைக்கும்?"

"நாளைக்கே போடுறேன்," என்றாள்.