வாழைத்தோல் போட்டு மூடியது

குப்பைமேட்டில் விரிசல் விட்டால் வாழைத்தோலைப் போட்டு மிதித்துவிடுவோம். கம்பாலா நகரத்தில் மூன்று வேளையும் வாழைக்காய்தான், தோலுக்கா பஞ்சம்? அதிகாரி கண்ணில் விரிசல் பட்டால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். லாரி வராது. குப்பை பொறுக்கும் எங்கள் முந்நூறு பேர் அடுப்பிலும் பூனை தூங்கும். விரிசல் மூடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அதில் ஒரு பெருமை வேறு எனக்கு, தூ!

மூன்று நாள் மழைக்குப் பிறகு கீழ்ச்சரிவில் விட்ட விரிசலுக்குள் என் கை தோள்வரை போனது. உள்ளே இருந்து ஆவி அடித்தது. அதையும் மூடினேன். காலையில் வந்த இன்ஜினியர் நான் மிதித்த இடத்திலேயே நின்று ஆபத்தில்லை என்று எழுதினார். அடிவாரத்து வீடுகளின் கதவுகளில் அந்த நோட்டீசை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அடிவாரத்தில்தான் என் தங்கை நாகயிஸா இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். இன்ஜினியர் போகச் சொன்னால் போவதாக மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

மதியம் பார்த்தால், நான் போட்ட தோலெல்லாம் உள்ளே போய்விட்டிருந்தது. விரிசல் ஒரு லாரி நீளம். கீழே ஓடினேன்.

அவள் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“கிளம்புடி! மேடு இறங்குது!”

“கதவுல ஒட்டியிருக்கிறதப் பாக்கலையாக்கா? ஒண்ணும் இல்லையாம்.”

“அது பொய்டி. விரிசல மூடினதே நான்தான்.”

சிரித்தாள். “படிச்சவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்! இந்த இடத்து மேல உனக்கு எத்தனை நாளாக் கண்ணு? நான் போனா மறுநாளே உன் ஆட்டை இங்க கட்டிடுவே.”

“அடிப்பாவி! உன் புள்ளைங்க மேல சத்தியம்டி!”

“என் புள்ளைங்க மேல எதுக்கு? உன் தலையில பண்ணு!”

பின்சுவர் உள்பக்கமாகப் புடைத்திருந்தது. அடியில் கறுப்புத் தண்ணீர் கசிந்தது. சின்னவள் மிரெம்பேயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தேன். நாகயிஸா ஐயோ ஐயோ என்று கத்தினாள். அக்கம்பக்கம் கூடிவிட்டது. விரிசலைப் பற்றி ஒவ்வொருவரிடமும் சொன்னேன், கெஞ்சினேன். எல்லோர் வீட்டுக் கதவிலும் அதே நோட்டீஸ்.

“பைத்தியம் புடிச்சிருக்கு இவளுக்கு,” என்றாள் ஒருத்தி.

குழந்தையை என் கையிலிருந்து பிடுங்கி நாகயிஸாவிடம் கொடுத்தார்கள். நான்கு ஆண்கள் என்னைத் தரதரவென்று பெரிய ரோடு வரை இழுத்து வந்து தள்ளிவிட்டு, இனி இந்தப் பக்கம் வராதே என்று திரும்பிப் போனார்கள்.

அதனால்தான் நான் மட்டும் உயிரோடு இருக்கிறேன்.