ஜன்னல் இருந்த கண்

முப்பது வருஷம் மனித முகங்களைத் துணியில் எழுதித் தள்ளியவருக்கு, பிளாஸ்டிக்கில் ஒரே ஒரு கண் எழுதுவது என்ன பிரமாதம் என்றுதான் படக்காரர் நினைத்தார். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆளுயரப் படங்களுக்காக ஏணி ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்திருந்த சமயம். கண் மருத்துவமனையில் செயற்கைக் கண் செய்யும் அறைக்கு வரையத் தெரிந்த கை ஒன்று தேவைப்பட, போய்ச் சேர்ந்தார். நாலு மாதமாக வெள்ளைப் பகுதிதான் அவர் வேலை. சிவப்புப் பட்டு நூலைப் பிரித்துப் பிரித்து, மெல்லிய நரம்புகளாக ஒட்டுவார். கருவிழி எழுதுவது பொறுப்பாளர் அம்மா மட்டும்தான். அந்த அம்மா மகள் பிரசவத்துக்கு லீவில் போன வாரம் பார்த்துத்தான் டான்ஸ் டீச்சர் வந்தார்.

டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். கட்டி வந்து இடது கண்ணை எடுத்துப் பதினாறு மாதம் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாரே தவிர மேடை ஏறவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு ஆட ஒத்துக்கொண்டிருக்கிறாராம். நாற்காலியில் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"கண்ணு சரியா வந்தா ஆடுவேன் சார். வரலைன்னா இத்தோட ஆட்டத்தை விட்டுடுவேன்."

படக்காரர் அவரை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து வலது கண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதினார். பழுப்பு என்றால் ஒரே பழுப்பா? ஓரத்தில் கொதித்த தேயிலை நிறம், நடுவில் வெளிர்த் தேன் நிறம், இரண்டுக்கும் இடையில் பெயர் வைக்க முடியாத ஒன்று. எல்லாவற்றையும் பிடித்துவிட்டார், பாவி மனுஷன். கடைசியில் கண்பாப்பாவுக்குப் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னுகிற மாதிரி ஊசிமுனை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். உருவப்படக்காரர்களின் வழக்கம் அது. அந்தப் புள்ளி விழுந்தால்தான் படத்தில் இருப்பவர் விழித்துக்கொள்வார். அதற்காகவே படம் எழுதச் சொன்ன வீட்டுக்காரர்கள் சூழ்ந்து நின்று காத்திருப்பார்கள். உயிர் கொடுப்பது நான் என்று இவருக்கும் உள்ளூர ஒரு மிதப்பு உண்டு.

மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு ஏற்றி, வேகவைத்து, இரண்டு நாள் மெருகு போட்டார். தட்டில் வைத்தால் கண் அவரையே பார்த்தது. நர்ஸுகள் வந்து வந்து மெச்சிவிட்டுப் போனார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

டீச்சர் பொருத்திக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். முகத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். பிறகு அவரைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார்.

"நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டினாலும் இந்தக் கண்ணுல ஜன்னல் இருக்கு சார்."

படக்காரருக்குச் சுருக்கென்றது. புள்ளி இல்லாவிட்டால் அது செத்த கண் என்றும், முப்பது வருஷத்தில் ஒருத்தர் குறை சொன்னதில்லை என்றும் படபடவென்று பொரிந்தார். டீச்சர் கண்ணைக் கழற்றித் துணியில் வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"மேடையில நான் அழுதா, நான் அழுறதை எல்லாரும் வேடிக்கைதான் பாப்பாங்க. நான் எனக்குள்ள இடத்தைக் காலி பண்ணி வைக்கணும். அப்பதான் அது வரும். சாமின்னு சொல்லுங்க, பாக்கிறவங்க மனசுன்னு சொல்லுங்க. ஆனா நான் கொண்டுவந்து வைக்கிறது இல்ல சார் அது."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாலு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மனைவியிடம் நியாயம் கேட்கப் போய் அங்கேயும் வாங்கிக் கட்டிக்கொண்டார். "வெளிச்சம் தானா வந்து விழாதாங்க? நீங்க பூசினாத்தானா?" என்று அவள் கேட்ட கேள்விக்கு, தண்ணீர் குடிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பூச்சுக்கு அடியில் மாட்டிய புள்ளியைச் சுரண்ட முடியாது. முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். மறுபடி நூல் பிரித்தார், மறுபடி தேயிலை, மறுபடி தேன். எல்லாம் முடிந்ததும் கை தன் பாட்டுக்கு வெள்ளைச் சாயத்துக்குப் போயிற்று. பழகின மாடு தொழுவத்துக்குப் போகாமல் இருக்குமா? இழுத்துப் பிடித்தார். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, கையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தச் சும்மா இருப்பதுதான் அவருக்கு வேலையிலேயே கஷ்டமான வேலையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை டீச்சர் அதைப் பொருத்திக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் வெளிச்சம் வந்து உட்கார்ந்தது. திரும்பினார், இரண்டிலும் சேர்ந்தே போயிற்று. ஓரப்பார்வைக்கு மட்டும் புதுக் கண் கொஞ்சம் பின்தங்கியது. கழுத்தைக் கூடவே திருப்பிச் சமாளித்துக்கொள்வேன் என்றார். சொல்லும்போதே இரண்டு பக்கமும் நீர் வழிந்தது. கண்ணை எடுத்தாலும் கண்ணீரை எடுக்க முடியாதே.

ஞாயிறு மாலை படக்காரர் மனைவியோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். ஆட்டம் பார்க்க வரவில்லை, வேலையைச் சரிபார்க்க வந்திருக்கிறேன் என்று மனைவியிடம் கறாராகச் சொல்லியிருந்தார். மேடை விளக்கில் நிறம் மாறுகிறதா, ஓரம் தெரிகிறதா, எவ்வளவு பின்தங்குகிறது, எல்லாம் பார்க்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை மூன்று தடவை துடைத்துப் போட்டுக்கொண்டார்.

விளையாடப் போன குழந்தையைக் காணாமல் தேடும் தாயாக டீச்சர் ஆடினார். வாசலில் நின்று கூப்பிட்டாள் அந்தத் தாய். வரட்டும், முதுகில் நாலு வைக்கிறேன் என்று கறுவினாள். பொழுது சாயச் சாயக் கோபம் பயமாயிற்று, பயம் வேண்டுதலாயிற்று. சட்டென்று தூரத்தில் எதையோ கண்டுவிட்டாள். அவள் முகம் மலர்ந்த திசையில் படக்காரரும் திரும்பிப் பார்த்தார். அங்கே அரங்கத்துச் சுவர்தான் இருந்தது. ஆனாலும் குழந்தை கிடைத்துவிட்டது என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

விளக்கு போட்டார்கள். கைதட்டல் ஓயவில்லை. மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, கண்ணு எப்படி இருந்துச்சு?"

"எந்தக் கண்ணு?" என்றார் அவர்.

கேட்ட பிறகுதான் சுரீரென்று உறைத்தது. ஒரு தடவைகூட அவர் இடது கண்ணைப் பார்க்கவே இல்லை. அவர் கைவேலை அங்கே இருந்ததே நினைவில்லை.

இப்படி ஒன்றைக் கொடுத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், எழுந்து நின்று, மேடையைப் பார்த்துக் கும்பிட்டார்.